இரண்டாவது கையெழுத்து: குரல் கொடுக்கும் அமைப்புகளும் அவற்றின் கணக்கும்

செக் புத்தகத்தில் இருந்து தொடங்குகிறேன். சின்ன உரிமை அமைப்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் பணம் எடுக்கச் செயலாளர், பொருளாளர் இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று அதன் விதி சொல்கிறது. பொருளாளருக்கு வேறு வேலை இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள்தான் வர முடியும். அன்றைக்கு வந்து உட்கார்ந்து, பத்துப் பதினைந்து செக்கில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறார். தொகை, பெயர், தேதி எதுவும் அதில் இருக்காது. செயலாளர் நேர்மையானவர், இருபது வருடப் பழக்கம், வேலை நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

இதில் யாரும் திருடவில்லை. ஆடிட்டர் வந்து பார்த்தால் ஒவ்வொரு செக்கிலும் இரண்டு கையெழுத்து இருக்கும், பின்னால் பில் இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும். ஆனால் “இந்தப் பணம் எதற்குப் போகிறது?” என்று கேட்பதற்காகவே வைக்கப்பட்ட ஆள், பணம் போகும் நேரத்தில் அந்த அறையில் இல்லை.

லாப நோக்கற்ற அமைப்புகளின் நிதி வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தாளைத்தான் பார்க்கிறோம். தணிக்கை அறிக்கை இருக்கிறதா, இணையதளத்தில் போட்டிருக்கிறார்களா, நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்கிறோம். இவை தேவைதான். ஆனால் பெரிய அமைப்புகள் சரிந்த கதைகளை எடுத்துப் பார்த்தால், தாள் இல்லாமல் சரிந்தவை குறைவு. கேள்வி கேட்க ஆள் இல்லாமல், அல்லது கேட்ட ஆளை வெளியே தள்ளிவிட்டு, சரிந்தவையே அதிகம்.

பரப்புரை அமைப்புகளுக்கு, அதாவது சட்டத்தை மாற்ற, கொள்கையை மாற்ற, மக்கள் மனதை மாற்ற வேலை செய்பவற்றுக்கு, இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சாப்பாடு போடும் அமைப்பு எத்தனை இலை போட்டோம் என்று எண்ணிக் காட்டலாம். கண் சிகிச்சை முகாம் நடத்தும் அமைப்பு எத்தனை பேருக்குப் பார்வை கிடைத்தது என்று சொல்லலாம். ஒரு சட்டத் திருத்தத்துக்காகப் பத்து வருடம் போராடும் அமைப்பு எதை எண்ணிக் காட்டும்? ஒன்பது வருடம் ஒன்றும் நடக்காது. பத்தாவது வருடம் சட்டம் வரும்போது நாற்பது அமைப்புகள் “எங்களால்தான்” என்று சொல்லும். நாற்பதும் ஓரளவு உண்மையே சொல்லியிருக்கலாம்.

அதோடு, பணம் தருபவர் ஒருவர், பலன் அடைபவர் வேறொருவர். கடையில் சாமான் சரியில்லை என்றால் வாங்கியவர் அடுத்த முறை போகமாட்டார். நன்கொடையாளருக்கோ அமைப்பு அனுப்பும் கடிதத்தைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது. யாருக்காகக் குரல் கொடுக்கப்படுகிறதோ அவர்களுக்கு அந்த அமைப்பின் வரவு செலவு தெரியாது; பல நேரம் தங்கள் பெயரில் ஓர் அமைப்பு இருப்பதே தெரியாது.

சரி, அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையின் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை.

நான்கு பக்கக் கடிதம் வீட்டுக்கு வருகிறது. மூன்று பக்கம் பிரச்சினையை விளக்குகிறது. நான்காம் பக்கம் நன்கொடை கேட்கிறது. உள்ளே ஒரு தபால் அட்டையும் இருக்கும். கையெழுத்துப் போட்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருக்கும். இந்தக் கடிதத்தை அச்சடித்து அனுப்பிய செலவு எந்தத் தலைப்பில் போகவேண்டும்? நிதி திரட்டும் செலவு என்று போட்டால் அமைப்பின் சதவீதம் மோசமாகத் தெரியும். மக்களுக்கு விழிப்புணர்வு என்று திட்டச் செலவில் போட்டால் அழகாகத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கென்றே கணக்காளர் அமைப்பு 1998-இல் ஒரு விதி கொண்டுவந்தது. செலவைப் பிரித்துப் போடவேண்டும் என்றால் மூன்று சோதனைகளைத் தாண்டவேண்டும்: நோக்கம், பெறுபவர்கள், உள்ளடக்கம். வெறுமனே தகவல் சொன்னால் போதாது. படிப்பவரை ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யச் சொல்லவேண்டும், அந்தச் செயல் அமைப்பின் குறிக்கோளுக்கு உதவவேண்டும். “பணம் அனுப்புங்கள்” என்பது அந்தச் செயலாகக் கணக்கில் வராது. அந்தத் தபால் அட்டை அங்கே ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? சில அமைப்புகள் உண்மையிலேயே அந்த அட்டைகள் போய்ச் சேர வேண்டும் என்றுதான் வைக்கின்றன. சிலவற்றில் அந்த அட்டை இருந்தால்தான் கடிதச் செலவில் ஒரு பாதியைத் திட்டச் செலவுக்குத் தள்ளமுடியும். வெளியே இருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஆடிட் செய்த அறிக்கையின் அடிக்குறிப்புகளில், கூட்டுச் செலவு (இப்படி இரண்டு நோக்கமும் சேர்ந்த செலவு) எவ்வளவு, அது எந்தெந்தத் தலைப்புக்கு எவ்வளவு பிரித்துப் போடப்பட்டது என்று ஒரு பத்தி இருக்கும். ஆண்டறிக்கையின் வண்ணப் படங்களுக்கு முன் அந்தப் பத்தியைத் தேடிப் படிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

சதவீதத்தை இப்படி அழகுபடுத்த வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? நம்மிடம் இருந்துதான். நன்கொடையாளர்கள் பல காலமாக ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்துவந்தார்கள்: நிர்வாகச் செலவு எவ்வளவு குறைவு. அந்த எண்ணைக் குறைக்க அமைப்புகள் முதலில் வெட்டியது எதை? கணக்காளரை. உள் தணிக்கையை. கணினியை. பொறுப்புக்கூறலைத் தாங்கி நிற்கும் தூண்களையே நிர்வாகச் செலவு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். 2013-இல் அமைப்புகளை மதிப்பிடும் மூன்று அமெரிக்க நிறுவனங்கள் (கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ்) நன்கொடையாளர்களுக்குச் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதின. இந்த ஒரு சதவீதத்தை வைத்து அமைப்பை எடைபோடாதீர்கள் என்பதே அதன் சாரம். மதிப்பிடுபவர்களே இறங்கிவந்து சொல்லவேண்டியிருந்தது என்றால் அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்று பாருங்கள்.

கணக்கு இப்படி அழகுபடுத்தப்படும் இன்னொரு இடம் நேரப் பதிவேடு. பரப்புரை அமைப்புகள் பல இடங்களில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். ஒன்று ஆய்வும் விழிப்புணர்வும் செய்யும், அதற்குத் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டு. மற்றொன்று நேரடியாக அரசியல் அழுத்தம் தரும், அதற்குச் சலுகை இல்லை. அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(3), 501(சி)(4) என்று இவற்றுக்குப் பெயர். ஒரே கட்டடம், ஒரே வரவேற்பறை, பாதிப் பேர் இரண்டுக்கும் வேலை செய்பவர்கள். வாடகையை யார் கட்டுவது? சம்பளத்தில் எந்தப் பங்கு யாருடையது? பதில் எல்லாம் ஊழியர் நிரப்பும் நேரப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடோ மாதக் கடைசியில், மானிய பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும்படி நிரப்பப்படுவது உண்டு. ஒருவர் மூன்று மாதமும் தவறாமல் சரியாக நாற்பது சதவீத நேரத்தை ஒரே திட்டத்துக்குச் செலவிட்டிருக்கிறார் என்றால் அவர் வேலையைப் பார்த்து எழுதவில்லை, பட்ஜெட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

இதெல்லாம் சின்னச் சின்னப் பழக்கங்கள். இவை பெரிதாகும்போது என்ன ஆகும் என்பதற்கு துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பேசும் அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கத்தின் வழக்கு பாடப்புத்தகம் போன்றது. அந்தச் சங்கத்தின் கொள்கை சரியா தப்பா என்பது இங்கே பேச்சில்லை. அதை ஆதரித்துச் சந்தா கட்டிய உறுப்பினர்தான் இதில் முதலில் ஏமாந்தவர்.

1871-இல் நியூயார்க்கில் பதிவான சங்கம் அது. அதனால்தான் தலைமையகம் வர்ஜீனியாவில் இருந்தும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரிக்கு) அதைக் கேள்வி கேட்கும் அதிகாரம் இருந்தது. 2020 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். இது அரசியல் பழிவாங்கல் என்றது சங்கம். அட்டர்னி ஜெனரல் அந்தச் சங்கத்தைத் தேர்தல் நேரத்திலேயே கடுமையாக விமர்சித்தவர் என்பதால் அந்தப் புகாரை அப்படியே ஒதுக்கவும் முடியாது. ஆனால் விசாரணையில் வந்த விஷயங்கள் சங்கத்தின் சொந்த ஆவணங்களில் இருந்தும், அதன் சொந்த ஆட்களின் வாயில் இருந்தும் வந்தவை. நிர்வாகத் தலைமைப் பொறுப்பில் 1991 முதல் இருந்த வெய்ன் லாப்பியர் தனி விமானங்களில் குடும்பத்தோடு போனது, விலை உயர்ந்த உடைகள் வாங்கியது எல்லாம் பேசப்பட்டன. எனக்கு அந்த உடைகளைவிட, அவற்றின் பில் வந்த வழிதான் முக்கியமாகப் பட்டது. விளம்பர நிறுவனம் ஒன்று முதலில் பணம் கட்டிவிடும். பிறகு தன் சேவைக்கான பில்லில் அதைச் சேர்த்துச் சங்கத்திடம் வசூலித்துக்கொள்ளும் என்பது அரசுத் தரப்பின் வாதம். சங்கத்தின் ஏட்டில் அது “விளம்பரச் செலவு” என்று உட்கார்ந்திருக்கும். கூட்டல் சரி, பில் உண்டு, கையெழுத்தும் உண்டு.

அந்தச் சங்கத்துக்கு 76 பேர் கொண்ட இயக்குநர் குழு இருந்தது. ஐந்து பேர் குழுவில் ஒருவர் கேள்வி கேட்டால் அறையே திரும்பிப் பார்க்கும். 76 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 75 பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடலாம். 2021 ஜனவரியில் சங்கம் டெக்சாஸில் திவால் மனு கொடுத்தது. குழுவில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. நிதி அதிகாரிக்கும் தெரியாது, தலைமைச் சட்ட அலுவலருக்கும் தெரியாது. நீதிபதி அதைக் குறிப்பிட்டுக் கண்டித்துவிட்டு, மனு நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்டதாக இல்லை என்று அந்த ஆண்டு மே மாதம் தள்ளுபடி செய்தார். 2019-இல் சங்கத்தின் தலைவராக இருந்த ஆலிவர் நார்த் வக்கீல் செலவு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று கேட்டார். கேட்டவர் அந்த ஏப்ரலிலேயே பதவியை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

2024 பிப்ரவரியில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. லாப்பியர் ஏறத்தாழ 43.5 லட்சம் டாலரைச் சங்கத்துக்குத் திருப்பித் தரவேண்டும். முன்னாள் நிதி அதிகாரி 20 லட்சம் டாலர் தரவேண்டும். சங்கம் தன் சொத்தைச் சரியாக நிர்வகிக்கவில்லை, முறைகேட்டைச் சொன்னவர்களைப் பாதுகாக்கவில்லை, அரசுக்குக் கொடுத்த ஆண்டுப் படிவங்களில் பொய்த் தகவல் தந்தது என்றும் சொன்னது. பணம் சங்கத்துக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். சட்டத்தின் பார்வையில் திருட்டுக் கொடுத்தவர் அந்த அமைப்புதான், அதாவது சந்தா கட்டியவர்கள்.

கொள்கையில் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் உள்ள அமைப்புகளும் சறுக்கியிருக்கின்றன. 2014 ஜூனில் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் இன்டர்நேஷனல் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டது: நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் தனக்கு அதிகாரம் இல்லாத அளவுக்கு அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களைப் போட்டதில் 38 லட்சம் யூரோ போய்விட்டது. அவர் சொந்த லாபத்துக்காகச் செய்ததாகத் தெரியவில்லை என்றும், ஆனால் தங்கள் கட்டுப்பாடுகள் தோற்றுவிட்டன என்றும் சொல்லி ஆதரவாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த சில நாட்களில் இன்னொன்று வெளியே வந்தது. அதன் உயர் அதிகாரி ஒருவர் லக்சம்பர்க்கில் இருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு அமைப்பின் செலவில் விமானத்தில் வேலைக்கு வந்துபோகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. குறுகிய தூர விமானப் பயணம் வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லும் அமைப்பு அது. தொகையைப் பார்த்தால் முதலாவதற்குப் பக்கத்தில் இரண்டாவது ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஆதரவாளர்களுக்கு வலித்தது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதலாவது தவறு, இரண்டாவது சொன்ன சொல்லுக்கு எதிரானது. பரப்புரை அமைப்பின் மூலதனமே அதன் சொல்தான்.

மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலில் நடந்தது வேறு மாதிரி. 2009 கடைசியில் பொதுச் செயலாளர் பதவியை விட்டு விலகியபோது அவருக்கு 5 லட்சம் பவுண்டுக்கும் மேல், ஆண்டுச் சம்பளத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு, கொடுக்கப்பட்டது. அது ஆண்டுக் கணக்கில் பதிவாகியிருந்தது. யாரும் மறைக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 2011 பிப்ரவரியில் பத்திரிகைகள் எடுத்து எழுதியபோதுதான் பெரும்பாலான உறுப்பினர்களுக்குத் தெரிந்தது, கொதித்துப் போனார்கள். அச்சில் இருப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றாகிவிடாது. உறுப்பினருக்குப் புரியும்படி, கேட்பதற்கு முன்னால், காரணத்தோடு சொல்லியிருந்தால் அது விவாதமாக இருந்திருக்கும். இப்படி வந்ததால் துரோகமாகப் பட்டது.

இதுவரை திறந்து காட்டுவதன் பக்கமே பேசினேன். மூடி வைக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அதையும் இதே அளவு அக்கறையோடு சொல்லியாகவேண்டும்.

1950-களில் அமெரிக்காவின் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் ஆவணங்கள் கேட்டது. அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடுத்தது. பொறுப்பாளர்கள் யார், பணம் எப்படி வருகிறது என்பதையெல்லாம் காட்டியது. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை: சாதாரண உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியல் வெளியே போனால் அதில் இருக்கும் ஆசிரியைக்கு வேலை போகும், விவசாயிக்குக் கடன் நிற்கும், சிலருக்கு உயிரே போகலாம். நீதிமன்றம் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1958-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அமைப்பின் பக்கம் நின்றது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்தது அமைப்பு கோடு போட்ட இடம். பணத்தின் கணக்கையும் தலைவர்களின் பெயரையும் தந்தது, பலவீனமானவர்களின் பெயரைக் காத்தது. பிற்காலத்தில் இதே வாதத்தைப் பெரும் பணக்காரர்களுக்காகவும் பயன்படுத்தினார்கள். 2021-இல், பெரிய நன்கொடையாளர்களின் பெயரை மாநில அரசிடம் தரவேண்டும் என்ற கலிபோர்னியாவின் விதியை உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ரத்து செய்தது. பெயர்களை ஊருக்கு வெளியிடச் சொல்லும் விதி கிடையாது அது. கண்காணிக்கும் அதிகாரிக்கு மட்டும் தரச் சொன்னது. மாதச் சந்தா கட்டும் ஆசிரியைக்கும், ஒரே காசோலையில் அமைப்பின் திசையைத் திருப்பக்கூடியவருக்கும் ஒரே அளவு மறைப்பு தருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பணத்தின் அளவு கூடக்கூட வெளிச்சமும் கூடவேண்டும். ஒரே கொடையாளரிடம் இருந்து பாதி வருமானம் பெறும் அமைப்பு, அவர் பெயரைச் சொல்லாமல் “மக்களின் குரல்” என்று தன்னை அழைத்துக்கொள்வது சரியில்லை.

அரசுகள் வெளிப்படைத்தன்மை என்ற சொல்லை ஆயுதமாக எடுப்பதும் நடக்கிறது. ரஷ்யா 2012-இல் வெளிநாட்டுப் பணம் பெறும், அரசியல் செய்வதாகக் கருதப்படும் அமைப்புகளுக்கு “வெளிநாட்டு ஏஜென்ட்” என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. ஹங்கேரி 2017-இல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் அந்த அடையாளத்தோடு பதிவு செய்துகொள்ளவேண்டும் என்று சட்டம் போட்டது. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பொருந்தாது என்றது. கணக்குக் கேட்பதும் முத்திரை குத்துவதும் வேறு வேறு. கேட்கும் விதி எல்லா வகை அமைப்புகளுக்கும் ஒன்றாக இருக்கிறதா, அரசைப் பாராட்டுபவர்களுக்கும் அதே படிவம்தானா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பரப்புரை அமைப்புகள் இந்த ஆபத்தைக் காரணம் காட்டி உள்ளே கேட்கும் உறுப்பினரையும் வாயடைப்பதுதான் எனக்குக் கவலை. “இப்போது கேட்டால் எதிரிக்குச் சாதகம்” என்ற வாக்கியத்தை அந்த அமைப்புகளின் கூட்டங்களில் உட்கார்ந்த யாரும் கேட்டிருப்பார்கள். கேட்காமல் விட்டதுதான் பின்னால் எதிரிக்குச் சாதகமாகப் போகிறது.

அப்புறம், வெளியே இருந்து ஓர் அமைப்பைப் பார்க்கும் சாதாரண ஆள் என்னதான் செய்வது? நான் முதலில் தேடுவது நிர்வாகக் குழுவின் பெயர்களை. ஒரே குடும்பமா, எத்தனை வருடமாக அதே ஆட்கள், தலைமைச் செயலரின் சம்பளத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் அவரே உட்காருகிறாரா? அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்பின் 990 என்ற ஆண்டுப் படிவத்தை யார் கேட்டாலும் காட்டியாகவேண்டும், உயர் பதவிகளின் சம்பளம் அதில் இருக்கும். பிரிட்டனில் 60,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் ஊழியர்கள் எத்தனை பேர் என்று பெரிய தொண்டு அமைப்புகள் கணக்கில் காட்டுகின்றன. பிறகு, தொடர்புடையவர்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கல் என்ற அடிக்குறிப்பு. குழு உறுப்பினரின் கட்டடத்தில் அலுவலகம் இருப்பது தவறே இல்லை. வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் விஷயம். பிறகு கையிருப்பு. ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பது புத்திசாலித்தனம். பத்து வருடச் செலவுக்கு வைத்துக்கொண்டு “இந்த மாதம் நீங்கள் உதவாவிட்டால் கதவை மூடவேண்டியதுதான்” என்று கடிதம் எழுதுவது பொய். குறிப்பிட்ட நோக்கத்துக்கு என்று வந்த பணம் அன்றாடச் சம்பளத்துக்குக் கடனாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். நல்ல அமைப்புகளும் வழுக்கி விழும் இடம் அது. அடுத்த மானியம் வந்ததும் போட்டுவிடலாம் என்று எடுப்பார்கள். அடுத்த மானியம் வராது.

இவை எல்லாம் கொடுப்பவருக்கான கேள்விகள். யாருடைய பெயரில் பேசப்படுகிறதோ அவர்களுக்கு இதுவரை எந்தப் படிவமும் இல்லை. ஆண்டறிக்கை மானியம் தருபவரின் மொழியில், அவர் கேட்ட வடிவத்தில், அவர் தேதிக்கு எழுதப்படுகிறது. அதே வரவு செலவை, அந்த மக்களின் மொழியில் ஒரே தாளில் எழுதி, அவர்கள் கூடும் இடத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். சில அமைப்புகள் அப்படிச் செய்கின்றன. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, “எங்களுக்காகப் போன வருடம் தலைநகரத்தில் நடத்திய மாநாட்டுக்கு இவ்வளவா? எங்களில் யார் போனோம்?” என்று கேட்கும்போது, பதில் சொல்லவேண்டிய பொருளாளர் அன்றைக்காவது அறையில் இருந்தாகவேண்டும்.